‘வானம் தெளிவாக இருந்தால் காணலாம்’: அதற்கு மேலும் இரண்டு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரகணம், விண்கல் பொழிவு, கோள்கள் அணிவகுப்பு என்று வானில் எது நடந்தாலும் நாளிதழ்கள் இப்போது தவறாமல் செய்தி போடுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அத்தனை செய்தியும் ‘வானம் தெளிவாக இருந்தால் காணலாம்’ என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மொட்டை மாடியிலும் வளவிலும் (வீட்டின் திறந்த நடுமுற்றம்) தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வரிக்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எந்த மேகம்? எத்தனை மணிக்கு? எந்தப் பக்கமிருந்து? எவ்வளவு நேரம் நிற்கும்? இது எதுவும் தெரியாமல் மாடி ஏறுகிற பிள்ளைகள் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வருவதில்லை.

வானிலைப் பெட்டியில் வரும் ‘பகுதி மேகமூட்டம்’ இந்த வேலைக்கு உதவாது. வானத்தை எட்டுப் பங்காக்கி, அதில் 3 அல்லது 4 பங்கு மூடியிருந்தால் வானிலைத் துறை அப்படிச் சொல்கிறது. 5 முதல் 7 பங்கு வரை என்றால் பொதுவாக மேகமூட்டம். மிளகாய் காயப்போடுகிறவருக்கு அது போதும். வானம் பார்ப்பவருக்கு அந்த நான்கு பங்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் மிதக்கும் திரள் மேகமாக இருந்தால் அதன் பின்னால் எதுவும் தெரியாது. ஆனால் இடைவெளியில் தெரிகிற வானம் சுத்தமாக இருக்கும். 10 கி.மீ.க்கு மேலே படரும் கீற்று மேகமாக இருந்தால் நிலாவும் வியாழனும் சனியும் தாராளமாகத் தெரியும். பல இரவுகளில் பிம்பம் ஆடாமல் நிற்பதும் அப்போதுதான். ஆனால் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளும் மற்ற மங்கலான பொருட்களும் அன்றைக்குக் கிடையாது. ஒளிப்படம் எடுப்பவருக்கு ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் ஒளிவட்டம் விழும். தெருவில் எல்.இ.டி. விளக்கு வரிசை இருந்தால் நட்டம் இரட்டிப்பு: மெல்லிய மேகப் படலம் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்து நம் தலைக்கே திருப்பி அனுப்புகிறது. ஊர் வெளிச்சத்தில் மேகம் வெளுப்பாகத் தெரியும். இருட்டான கண்மாய்க் கரையில் அதே மேகம் விண்மீனற்ற கறுப்பாகத் தெரியும். ஓர் இடம் எவ்வளவு இருட்டு என்று அறிய இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

எந்த நிகழ்வு தவறினால் திரும்பக் கிடைக்காது, எது நாளையும் கிடைக்கும் என்று பிரித்துச் சொன்னாலே பாதி ஏமாற்றம் குறையும். ‘சூப்பர் மூன்’ அன்று மழை பெய்தால் மறுநாள் பாருங்கள். அளவில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கோள்கள் நெருங்கி நிற்பதை முன்னும் பின்னும் இரண்டொரு நாள் பார்க்கலாம். அணிவகுப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். வியாழனோ சனியோ ‘பூமிக்கு மிக அருகில் வரும் நாள்’ என்று கொட்டை எழுத்தில் வருகிறது. அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் தொலைநோக்கியில் அவை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்ற தோரணை தேவையில்லை.

விண்கல் பொழிவு நடுத்தரம். ஆகஸ்ட் 12, 13 இரவுகளின் பெர்சியிட் ஆடிக் கடைசியில் வருகிறது. டிசம்பர் 13, 14இன் ஜெமினிட் கார்த்திகைக் கடைசியில். ஒன்று தென்மேற்குப் பருவத்தில், மற்றது வடகிழக்குப் பருவத்தில். பெர்சியிட் உச்சத்துக்கு முன்னும் பின்னும் சில நாள் ஓரளவு விழும். ஜெமினிட் உச்சத்துக்குப் பிறகு சட்டென்று குறையும். ஆகவே ஜெமினிட்டுக்கு முந்தைய இரவைச் சொல்லுங்கள், பிந்தைய இரவை அல்ல. மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் ஒரு வழி உண்டு. சில நூறு கி.மீ. தொலைவிலுள்ள நகரத்தின் எஃப்.எம். நிலையம் ஒலிபரப்பும், ஆனால் நம் ஊரில் எதுவும் கேட்காத அலைவரிசையில் ரேடியோவை நிறுத்தி, வெளியே யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா போன்றது) வைத்தால், விண்கல் எரிந்த தடம் அந்த அலையைப் பிரதிபலித்து ஒன்றிரண்டு விநாடி பேச்சோ பாட்டோ வந்து மறையும். மேகம் இதைத் தடுக்காது.

கிரகணம்தான் கைநழுவினால் போனது. அதிலும் சந்திர கிரகணம் தாராள மனசுக்காரர். 2025 செப்டம்பர் 7 இரவு முழு மறைப்பு 11.01 முதல் 12.23 வரை 82 நிமிடம் நீடித்தது. ஆவணி மாத வானமானாலும் அவ்வளவு நேரத்தில் ஓர் இடைவெளி கிடைக்க வாய்ப்புண்டு. பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கப் போனவர்கள்தான் ஏமாந்திருப்பார்கள். 2019 டிசம்பர் 26 காலை தமிழகத்தில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்தில் வளையம் நின்றதோ மூன்று நிமிடம் மட்டுமே. மார்கழிக் காலை மேகத்துக்கு அது ஒரு வாய். அதற்கும் மோசமான கதை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண பிரான்சிலிருந்து கிளம்பிய லெ ஜெந்தி, 1761இல் போர் காரணமாக நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கமே தங்கி, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் காத்திருந்தார். முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம் அன்று காலை பார்த்து மூடிக்கொண்டது. அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில். அதுவும் நம் மழைக்காலம்தான்.

சூரிய கிரகணத்தின்போது மேகம் வந்தால் இன்னொரு ஆபத்து. மெல்லிய மேகத்தின் வழியே சூரியன் வெறும் தட்டாகத் தெரியும்போது கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். மேகம் ஒளியைக் குறைக்கிற அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் நம்பத்தக்க அளவுக்குத் தடுக்காது. கிரகணச் செய்தியில் இதை ஒவ்வொரு முறையும் அச்சிட வேண்டும்.

இனி செட்டிநாட்டு வானத்தின் போக்கு. மேகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதன் கால அட்டவணையைத் தெரிந்துகொள்வது மேல். ஓரியன் நள்ளிரவில் உச்சிக்கு வருவது டிசம்பரில். தனுசும் பால்வழியின் நடுப்பகுதியும் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில். வெளிநாட்டுக் கையேடுகள் இந்த மாதங்களையே சிறந்தவை என்று சொல்ல, இங்கே இரண்டும் மேகத்துக்குள் போகின்றன. ஆகவே நேரத்தை மாற்ற வேண்டும். மாசி மாதம் இரவு 8 மணிக்கு ஓரியனில் உள்ள மிருகசீரிடமும் திருவாதிரையும் உச்சியை ஒட்டி நிற்கும். தெற்கே 27 பாகை உயரத்தில் அகத்தியர் விண்மீன் இருக்கும். அதே இரவு விடியற்காலை 5 மணிக்குக் கேட்டையும் தனுசும் தென்கிழக்கில் மேலே ஏறியிருக்கும். ஆக, மழைக்காலம் கொள்ளையடித்த இரண்டையும் மாசி, பங்குனியில் ஒரே இரவில் திரும்ப வாங்கிவிடலாம். விலை தூக்கம்தான்.

ஆனி, ஆடியில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதே நேரம் 12 கி.மீ.க்கு மேலுள்ள கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். தென்மேற்குப் பருவத்தில் அந்த உயரத்தில் கிழக்கு ஜெட் காற்று வீசுவதே காரணம். அதனால் நம் தலைக்கு மேல் வரும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் வங்கக் கடலில் எழுந்த இடிமேகங்களின் எச்சம். மேற்கு வானம் தெளிந்துவிட்டது, இனி பயமில்லை என்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மேலே வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது கிழக்கை.

ஆவணி, புரட்டாசியில் பகல் வெக்கையும் தொண்டி, மீமிசல் பக்கமிருந்து உள்ளே வரும் கடற்காற்றும் சேர்ந்து மாலையில் கார்திரள் மேகத்தை எழுப்பும். ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இடி, மழை. மழை நின்ற பிறகும் அதன் உச்சியிலிருந்து விரிந்த மேகம் மூன்று நான்கு மணி நேரம் வானத்தை விட்டுப் போகாது. பத்து மணிக்கு மாடி ஏறிப் பார்த்துவிட்டு ‘இன்னைக்கு அவ்வளவுதான்’ என்று படுத்துவிடுவது தவறு. ஒரு மணிக்கு மேல் நான்கு மணி வரை நல்ல வானம் கிடைப்பது இந்தப் பருவத்தில் சகஜம். கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேல் இருக்கும், ஓரியன் கிழக்கில் ஏறியிருக்கும். மார்கழி, தையில் இது தலைகீழ். முன்னிரவு நன்றாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் பனிமூட்டமோ தாழ்ந்த படை மேகமோ வந்து மூடும். ஐப்பசி, கார்த்திகையிலும் விடாத மழை என்பது கிடையாது. தாழ்வு மண்டலம் நம்மைத் தாண்டி அரபிக்கடல் பக்கம் போனபின், அல்லது வங்கக் கடல் புயல் ஆந்திரா, ஒடிசா பக்கம் திரும்பி ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டபோது, வறண்ட வடமேற்குக் காற்று இறங்கும். தூசி கழுவிய அந்த இரண்டு மூன்று இரவுகளின் தெளிவு பங்குனியில்கூடக் கிடைக்காது. புயல் திசைமாறியது என்று முதல் பக்கத்தில் செய்தி வந்தால் நம்மவர்கள் தொலைநோக்கியைத் துடைத்து வைக்க வேண்டும்.

மாலையில் முடிவெடுப்பது எப்படி? முதலில் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் படம். இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் இரண்டும் மாறி மாறி எடுப்பதால் கால் மணிக்கொரு படம் வானிலைத் துறையின் தளத்தில் கிடைக்கிறது. படத்தின் மேல் உள்ள நேரம் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும். 1230 என்றிருந்தால் நமக்கு மாலை 6 மணி. இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறைய. சூரியன் மறைந்தபின் கட்புலப் படம் இருண்டுவிடும், அகச்சிவப்புப் படம்தான் துணை. அது வெப்பநிலையைக் காட்டுவது: குளிர்ந்த உயர மேகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், ஒரு கி.மீ. உயரத்து மேகம் தரையோடு ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் சாம்பல் நிறத்தில் கலந்து மறைந்துவிடும். படத்தில் தெளிவு, தலைக்கு மேல் மூட்டம் என்ற முரண்பாடு மார்கழியில் வருவது இதனால்தான். கடைசி மூன்று மணி நேரப் படங்களை ஓடவிட்டு மேக விளிம்பின் வேகத்தைக் கணக்கிடுங்கள். திண்டுக்கல் இங்கிருந்து நேர்கோட்டில் 90 கி.மீ.யை ஒட்டி, விளிம்பு மணிக்கு 30 கி.மீ. நகர்ந்தால் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது.

ரேடார் படத்தை வானம் தெளிவு என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரைக்கால் ரேடார் மழைத்துளியைப் பார்ப்பது, மேகத்தை அல்ல. 150 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்குடிக்கு வரும்போது அதன் கற்றை பூமியின் வளைவால் சுமார் இரண்டரை கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது, அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. இடி வருகிறதா என்று பார்க்க மட்டும் ரேடார்.

கைபேசிச் செயலிகளில் கீழ், நடு, உயர் மேகத்தைத் தனித்தனியாகக் காட்டுபவற்றைப் பாருங்கள். விண்டி, மீட்டியோபுளூ இரண்டிலும் அது உண்டு. மொத்த சதவீதம் ஒன்றை மட்டும் காட்டுவதை நம்பிப் பயனில்லை. உயர் மேகக் கணிப்பு இரண்டு நாள் முன்பே ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் அது பெரிய பரப்பில் நடப்பது. கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகக் கணிப்பைப் பாதி நம்பலாம். மாலை இடிமழை எந்த ஊரில் கொட்டும் என்பதை எந்தக் கணினிக் கணிப்பு மாதிரியும் காலையில் சொல்லாது. சிறந்த உலக மாதிரியின் கட்டமே சுமார் 9 கி.மீ., நம் இடிமேகத்தின் மையம் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் விட்டுவிட்டு மேற்கு, கிழக்கு அடிவானங்களைக் கண்ணால் பாருங்கள்.

கண் சோதனைக்கும் ஒரு முறை உண்டு. கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு தெரிந்தால் நல்ல வானம். மூன்று நான்கு மட்டும் தெரிந்தால் உணர முடியாத படலம் இருக்கிறது. நிலாவைச் சுற்றி, நீட்டிய கையால் அளந்தால் ஒரு சாணுக்குச் சற்றே மேல் தள்ளிப் பெரிய வட்டம் தெரிந்தால் அது 22 பாகை ஒளிவட்டம், உயரத்தில் பனித்துகள் படலம் என்று பொருள். கைபேசியின் அகலக் கோண லென்சை வானத்துக்குக் காட்டி 10 விநாடி படமெடுத்தால் கண்ணுக்குத் தப்பிய கீற்று மேகம் அதில் கோடு கோடாக விழும். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் இன்னும் சுலபம்: உச்சியைக் குறிவைத்து அளந்து, காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிட வேண்டும். தாழ்ந்த மேகம் என்றால் வித்தியாசம் சில பாகை மட்டுமே. தெளிந்த வானம் என்றால் 20 பாகைக்கு மேலும் போகும். புழுக்கமான இரவில் தெளிந்த வானத்துக்கும் இந்த வித்தியாசம் சுருங்குவதால் உங்கள் மாடிக்கென்று சில இரவுகள் எழுதி வைத்து எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கீற்று மேகம் இதில் அகப்படாது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு வைத்துப் பார்த்த கருவியைத் தேடி எடுக்காதீர்கள். உடல் சூட்டை ஒட்டிய அளவுகளைத்தான் அது காட்டும்.

இடைவெளி வழியாகப் பார்ப்பது தனிக் கலை. ஒன்றரை கி.மீ. உயரத்து மேகம் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடினால், தலைக்கு மேல் 20 பாகை அகல இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதே வேகத்தில் 5 கி.மீ. உயரத்து மேகம் என்றால் மூன்று நிமிடம் கிடைக்கும். கை நீட்டி விரல் விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 20 பாகை, அதுவே அளவுகோல். ஒரு நிமிட இடைவெளியில் பொருளைத் தேட முடியாது. மேகம் மூடியிருக்கும்போதே தொலைநோக்கியை அங்கே திருப்பி, குறைந்த பெருக்கத்தில் குவியம் சரிசெய்து காத்திருக்க வேண்டும். பொருளைத் தானே தேடிக் காட்டும் தானியங்கித் தாங்கி இந்த இரவுகளில் பெரும்பாலும் தலைவலி: அதைச் சீர்செய்ய இரண்டு மூன்று விண்மீன்கள் வேண்டும், ஒன்று கிடைக்கும்போது மற்றது மறைந்திருக்கும். கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியும் 10x50 பைனாகுலரும்தான் மேக நாளுக்கு ஏற்றவை. நிலா, வியாழனின் துணைக்கோள்கள், கார்த்திகை, இரட்டை விண்மீன்கள் என்று சிறிய பட்டியல் போதும்.

உச்சிக்கு அருகில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். பாதி வானம் திறந்திருந்தாலும் தாழ்வாகப் பார்க்கும்போது மேகங்களின் பக்கவாட்டு ஒன்றையொன்று மறைத்து முழுச் சுவராகிவிடும். தெற்கே 32 பாகைக்கு மேல் ஏறாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தும், 20 பாகை ஒட்டி நிற்கும் திரிசங்கும் (தென்சிலுவை) இதனால் முதலில் பறிபோகும். வடக்கே இன்னும் மோசம். நம் அட்சரேகை 10 பாகை என்பதால் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல், நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரம்தான். மேகமில்லாத நாளிலும் புழுதிக்குள் இருக்கும். சமன்தாங்கி (அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி வைக்கும் தாங்கி) வைத்திருப்பவர்கள் அதை நம்பாமல் பகலிலேயே வடக்கு தெற்குக் கோட்டை மாடியில் வரைந்துவிடலாம். தூக்குக்குண்டின் நிழல் நேர் நடுப்பகலில் அந்தக் கோட்டில் விழும். காரைக்குடியில் நடுப்பகல் கடிகார 12 மணிக்கு அல்ல: நவம்பர் தொடக்கத்தில் 11.58, பிப்ரவரி நடுவில் 12.29, சராசரி 12.15. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாது, அப்போது வரைய வேண்டாம். கோட்டில் முக்காலியின் மூன்று கால்களுக்கும் பெயின்டில் புள்ளி வைத்துவிட்டால் இடைவெளி வந்ததும் ஐந்து நிமிடத்தில் தயாராகலாம். வளவில் வைப்பதானால் தெரு விளக்கு தொல்லை இல்லை. ஆனால் வீட்டின் பகல் சூடு முழுவதும் அந்தத் திறப்பு வழியாகத்தான் மேலே போகிறது. இரவு பதினொரு மணிவரை கோள்கள் கொதிநீரில் கிடப்பதுபோல் நெளியும். மாடித் தளத்திலும் இதே சிக்கல். தண்ணீர் தெளித்து ஆற்றுவதானால் மாலை ஐந்து மணிக்கே தெளித்துவிடுங்கள். எட்டு மணிக்குத் தெளித்தால் அந்த ஈரம் லென்சில் வந்து உட்காரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் இடி 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. மாடியில் உலோக முக்காலியோடு நிற்காமல் இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி கழித்தே ஏறலாம்.

புதிதாகத் தொலைநோக்கி வாங்கினால் மழை வரும் என்று வானம் பார்ப்பவர்களிடையே ஒரு கிண்டல் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குக் காரணம் எளிது: தீபாவளி போனஸில் வாங்குகிறார்கள், வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. தை பிறந்தபின் வாங்கலாம் என்று உங்கள் விளம்பரப் பக்கத்துக்கு எதிராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கிவிட்டவர்கள் பார்க்க முடியாத இரண்டு மாதம் அதை எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை போல் கிளைத்து பூச்சையே அரித்துவிடும். ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் 250 கிராம் சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரமானி, உள்ளே 40 முதல் 50 சதவீதம்: ஐபீஸ்களுக்கு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) இது போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 பாகை ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து மீட்கலாம்; நீலத்தில் கோபால்ட் இருப்பதால் சமையல் ஓவனைத் தவிர்ப்பது நல்லது, ஆரஞ்சு வகை மேல். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். தோல் உறையும் அப்படியே, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடியிலேயே பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பது எல்லாவற்றிலும் கேடு: பகல் சூட்டில் உள்ளே ஆவியாகி இரவில் கண்ணாடி மேல் வடியும்.

மேகம் இல்லாத மார்கழி இரவில் மேகத்தின் வேலையைப் பனி செய்கிறது. திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி தன் சூட்டை வெளியே விட்டுக் காற்றைவிடக் குளிர்வதால் ஈரப்பதம் 100ஐத் தொடும் முன்பே வியர்க்கிறது. நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கியின் பெரிய ஆடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பும். ஷ்மிட் கேசக்ரெய்ன் வகையில் குழாயின் வாயிலேயே இருக்கும் கண்ணாடி முன்தகடு ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். 8 அங்குலக் கருவிக்கு 780 மி.மீ. நீளமும் 350 மி.மீ. அகலமும் உள்ள 5 மி.மீ. கறுப்பு ஃபோம் தாளைச் சுற்றி வெல்க்ரோ ஒட்டினால் பனிக்காப்பு தயார். அதிலும் அடங்காவிட்டால் சூடேற்றி: இரண்டு செப்புக் கம்பிகளுக்கு இடையே 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்கள் 20ஐ ஏணிப்படி போல் 36 மி.மீ.க்கு ஒன்றாகப் பற்றவைத்து, துணி நாடாவால் மூடி முன்தகடு விளிம்பில் கட்டினால், 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், 6 வாட். 7 ஏ.எச். யு.பி.எஸ். பேட்டரியைப் பாதி மட்டும் பயன்படுத்தினாலும் ஆறரை மணி நேரம் வரும். 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பனி விழுந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், தூசியோடு தேய்த்துக் கீறிவிடும். வீட்டுக்குள் கொண்டுபோய் மூடியில்லாமல் கிடைவாக வைத்து, முழுக்கக் காய்ந்தபின் மூடுங்கள்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வானியல் செய்தியில் நிகழ்வு தெரியும் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், தவறினால் எந்த இரவு மாற்று என்ற மூன்றும் வரட்டும். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படத்தைப் போட்டு ‘வெறும் கண்ணால் காணலாம்’ என்று எழுதுவது நிற்கட்டும். வானிலைப் பெட்டியில் இரவு 7 முதல் 12, 12 முதல் 5 என்று இரண்டு கட்டம் போட்டு உயர் மேகம், தாழ்ந்த மேகம் என்று தனித்தனியாக இருக்குமா இராதா என்று அச்சிடலாம். நீங்கள் இரவில் அச்சேற்றும் கணிப்பை வாசகர் பயன்படுத்துவது மறுநாள் இரவில்; ஏறக்குறைய ஒரு நாள் பழையதாகிவிடும். உயர் மேகத்துக்கு அந்தப் பழமை பரவாயில்லை. ஆவணி இடிமழைக்கு உதவாது, அந்த மாதங்களில் இரண்டாவது கட்டத்தை மட்டும் போட்டாலும் போதும். 2028 டிசம்பர் 31 இரவு 10 மணியை ஒட்டி முழுச் சந்திர கிரகணம் வருகிறது. நிலா அப்போது நன்கு உயரத்தில் இருக்கும், மாதமோ மார்கழி. அந்தக் கட்டங்களுக்கு அதற்குள் ஓரிரு மழைக்காலப் பழக்கம் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
வீட்டு மாடியில் வானம் பார்ப்போர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.